மூன்றாம் இலை வரும்வரை

ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை இரண்டு தரம் மண்ணை நனைத்துவிட்டால் போதும், பெங்களூரில் தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் ஒரே கேள்விதான்: "இது என்ன செடி?" விதைத்தவர் பெயர் எழுத மறந்திருப்பார். எழுதியிருந்தால் மழை அழித்திருக்கும். விதைக்காத தொட்டியிலும் ஏதோ ஒன்று தலைநீட்டியிருக்கும். அல்சூர் பக்கம் மாடித்தோட்டம் தொடங்கியிருக்கும் இளையவர்கள் சிலர் கேட்டதால், பல வருஷமாக மண்ணில் கைவைத்ததில் தெரிந்துகொண்டதை எண் போட்டு எழுதித் தருகிறேன். வரிசைக்கு ஒரு மகத்துவமும் இல்லை.

முதலில் ஒன்று. தாவரவியல் புத்தகங்கள் இந்த வேலைக்கு அதிகம் கைகொடுக்காது. லின்னேயஸ் காலத்திலிருந்து செடிக்குப் பெயர் வைப்பது பூவையும் காயையும் பார்த்துத்தான். சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி கேம்பிள் 1915ல் தொடங்கி வைத்த பெருநூலானாலும், செசில் சல்தானாவின் கர்நாடகத் தாவரத் தொகுதியானாலும், பூத்த கிளையைக் கொண்டுபோனால்தான் வாய் திறக்கும். முளைகளுக்கென்றே ஜான் லப்பக் என்ற ஆங்கிலேயர் 1892ல் இரண்டு தடித்த தொகுதிகள் எழுதினார். அதைப் புரட்டுவதைவிடக் களையெடுக்கும் அம்மாவிடம் காட்டுவது வேகம்.

1. பிடுங்காதீர்கள். முதலில் வெளியே வரும் இரண்டும் வித்திலைகள். அவை விதைக்குள்ளேயே இருந்தவை. பிற்பாடு வரப்போகும் இலைக்கும் அவற்றுக்கும் சாயல் ஒற்றுமை இருக்க வேண்டியதில்லை. அவற்றுக்குப் பிறகு வருபவைதான் அந்தச் செடியின் சொந்த இலைகள். அவற்றில் மூன்றாவது விரியும்வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். கோரையும் புளியாரையும் மட்டும் இதற்கு விலக்கு. கோரையின் கிழங்கும், இங்கே எங்கும் பரவிக் கிடக்கும் இளஞ்சிவப்புப் பூப் புளியாரையின் குட்டிக் குமிழ்களும் மண்ணுக்குள் பெருகுமுன் தோண்டி எடுத்துவிட வேண்டும்.

2. இலையைப் பார்க்குமுன் இடத்தைப் பாருங்கள். இதைத்தான் புதியவர்கள் செய்வதே இல்லை. குனிந்தவுடன் இலையைப் படம் பிடிக்கிறார்கள். நேர்கோட்டில் நிற்பது நீங்கள் விதைத்தது. தாறுமாறாக நிற்பது தானாக வந்தது. சமையலறைக் கழிவை மட்கவைத்துப் போட்ட தொட்டியில் தக்காளி, பூசணி, பப்பாளி, மிளகாய் என்ற நான்கில் ஒன்றாக இருக்கப் பத்துக்கு எட்டு வாய்ப்பு உண்டு. மின்கம்பிக்கும் டிஷ் ஆண்டெனாவுக்கும் அடியில் நிற்பது பறவை எச்சத்தில் வந்தது. அப்படியானால் சதைப்பழம் உள்ள ஏதோ ஒன்று: வேம்பு, கறிவேப்பிலை, சர்க்கரைப்பழம் என்று நாம் சொல்லும் சிங்கப்பூர் செர்ரி, துளிர்க்கும் சந்தனம்கூட. சுவர் விரிசலில் முளைத்தால் அரசு, ஆல், அத்தி வகை. பக்கத்து வீட்டில் புறாவுக்குத் தானியம் போடுகிறார்கள் என்றால், உங்கள் தொட்டியில் புல் போல நிற்பது சோளமோ கம்போ கேழ்வரகோ. லாரியில் வாங்கிய செம்மண்ணும் தொழு எருவும் கலந்த தொட்டியா? அதில் மாடு தின்ற எதுவும் வரலாம். முளைக்கீரை வகைகள் கட்டாயம் வரும். தென்னைநார்க் கழிவை மட்டும் நிரப்பிய தட்டில் வந்தது பெரும்பாலும் நீங்கள் போட்டதுதான். வேறு யாரையும் சந்தேகிக்க வேண்டாம்.

எந்த மாதம் முளைத்தது என்பதும் இடத்தைப் போலத்தான். பெங்களூருக்கு மூன்று மழை. ஏப்ரல், மே கோடைமழையில் தலைகாட்டுவது வேறு, ஜூனில் வருவது வேறு, அக்டோபர் மழைக்குப்பின் குளிரைத் தேடி வருவது வேறு. தேதியைக் குறித்து வையுங்கள்.

3. விதையைத் தேடுங்கள். ஈரமான மண்ணில் விரலால் மெல்லக் கிளறினால் முளையின் அடியில் விதைத்தோல் கிடைக்கும். அதுதான் அதன் பிறப்புச் சான்றிதழ். மாங்கொட்டை, பலாக்கொட்டை, புளியங்கொட்டை எல்லாம் மாதக்கணக்கில் அடையாளம் தெரியும். பூசணி, சுரை, வெள்ளரியில் விதைத்தோல் சில சமயம் வித்திலையின் நுனியிலேயே தொப்பிபோல ஒட்டிக்கொண்டு வரும். வெங்காயம் முதுகை வளைத்து வெளியே வந்து, பிறகு நிமிரும்போது கறுப்புத் தோலை நுனியில் தூக்கிக்கொண்டு நிற்கும்.

அடையாளச் சிக்கலே வராத ஒரு செடி உண்டு. அது சௌசௌ, தமிழ்நாட்டில் பெங்களூர் கத்திரிக்காய் என்பார்கள். ஒரே விதை, அதுவும் காய்க்குள்ளேயே முளைக்கும். முழுக் காயைத்தான் நட வேண்டும். லால்பாகில் 1874 முதல் 1908 வரை பொறுப்பில் இருந்த ஜான் கேமரூன்தான் அதை இந்த ஊருக்குக் கொண்டுவந்தவர் என்பார்கள்.

4. வித்திலை பெயரைச் சொல்லாது, குடும்பத்தைச் சொல்லிவிடும். இதய வடிவில், நுனி உள்வாங்கிய இரண்டு இலைகள் வந்தால் கடுகு குடும்பம். கடுகு, முள்ளங்கி, முட்டைகோஸ், காலிஃபிளவர், நூக்கோல் எல்லாம் அந்த வயதில் ஒரே முகம். முள்ளங்கி மட்டும் கொஞ்சம் பெருத்திருக்கும், அதன் அடுத்த இலை சொரசொரக்கும். மற்றவற்றைப் பிரிக்க நினைத்து மெனக்கெடாதீர்கள். வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல இரண்டாகப் பிளந்த வித்திலை என்றால் காலைப்பூக்கொடி, வள்ளல் கீரை வகை. பெரிய, தடித்த, நீள்வட்ட இலைகள் பூசணிக் குடும்பம். அடுத்த இலையைத் தொட்டால் பூசணி குத்தும், சுரை பட்டுப்போல வழுக்கும். பட்டை பட்டையாக நீளமாக வந்து, அடுத்து விசிறி மாதிரி வட்ட இலை விரிந்தால் கொத்தமல்லி. அதையே இன்னும் ஒல்லியாக்கினால் கேரட். தண்டுக்கீரைக்குச் சின்னஞ்சிறு வித்திலை, அடிப்பக்கம் பல சமயம் செந்நிறம். நுனியில் சிறு பள்ளம் விழுந்த இலைகள் பின்னால் வரும்.

பயறு வகையில் ஒரு நல்ல வேறுபாடு இருக்கிறது. அவரை, காராமணி, உளுந்து, பாசிப்பயறு எல்லாம் பருப்பைத் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு மேலே வரும். துவரை, கொண்டைக்கடலை, பட்டாணி மூன்றும் பருப்பை மண்ணுக்குள்ளேயே விட்டுவிட்டுத் தளிரை மட்டும் அனுப்பும். ஜனவரியில் ஊரெல்லாம் அவரைக்காய் மணக்கும்போது உரித்துப்போட்ட தோலோடு தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தது அவரையா, சாம்பாருக்குப் புடைத்த துவரையா என்று இதை வைத்தே சொல்லிவிடலாம்.

5. முதல் இலையை நம்பாதீர்கள். அவரைக்கு மூன்று மூன்றாக இலை வரும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் முதல் ஜோடி தனித்தனி ஒற்றை இலைகள். குல்மொகரின் முதல் இலை ஒருமுறை மட்டும் பிரிந்திருக்கும். இரட்டைப் பிரிவு பின்னால். பலாக்கன்றின் இளம் இலை சில சமயம் விரல்விட்டுப் பிளந்திருக்கும். பெரிய மரத்தில் அது மறைந்துவிடும். கர்நாடகத்தில் சாலையோரமெல்லாம் நட்ட ஆஸ்திரேலியக் கருவேல் வகை ஒன்று உண்டு: சிறு வயதில் புளிபோல நுண்ணிலை, கொஞ்ச நாளில் அரிவாள்போல முழு இலை. இரண்டும் ஒரே கன்றில் நிற்பதைப் பார்த்தால் இரண்டு செடி ஒட்டிக்கொண்டதோ என்று தோன்றும். அரசங்கன்றின் முதல் சில இலைகளில் அந்த நீண்ட நுனியைத் தேடி ஏமாறாதீர்கள். பாலைப் பாருங்கள்.

6. கசக்குங்கள், முகருங்கள். தக்காளி, துளசி, கறிவேப்பிலை, செண்டுமல்லி, எலுமிச்சை, மா — ஒரு துணுக்கு இலை போதும், மூக்கு சொல்லிவிடும். காம்பை ஒடித்துப் பாருங்கள்: பப்பாளியில் பால் வரும், ஆமணக்கில் வராது. சிறுவயதில் இவை இரண்டையும் குழப்பிக்கொள்ளாத புதியவரை நான் பார்த்ததில்லை. தண்டை விரல்களுக்கிடையில் உருட்டுங்கள்: சதுரமாக உறுத்தினால் துளசி, புதினா கூட்டம்; மூன்று பக்கமாக உறுத்தினால் கோரை. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, கையைக் கழுவிவிட்டுக் கண்ணைத் தொடுங்கள். நாக்கில் மட்டும் எதையும் வைக்காதீர்கள்.

7. தக்காளிக் குடும்பத்துக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். தோட்டத்தில் நடக்கும் குழப்பத்தில் பாதி இங்கேதான். தக்காளி, மிளகாய், கத்திரி மூன்றுக்கும் வித்திலை ஒல்லியாக, கூர்மையாக இருக்கும். தக்காளித் தண்டில் மென்முடி, கிள்ளினால் வாசனை, இரண்டாம் இலையிலேயே வெட்டு விழத் தொடங்கும். மிளகாய் வழவழப்பு, பளபளப்பு, வாசனை இல்லை. கத்திரியின் இலை மாவு பூசியதுபோல மெத்தென்று இருக்கும், தண்டில் பல சமயம் ஊதா ஓடும். இந்த மூன்றோடு விதைக்காமலே வந்து கலப்பது மணத்தக்காளி. இங்கே கணிகே சொப்பு என்று கட்டாக விற்பார்கள். மிளகாய்க் கன்று என்று நினைத்து அதை நட்டு வளர்த்தவர்கள் அநேகம். நஷ்டமில்லை, வற்றல் போடலாம்.

ஐந்தாவது ஆள்தான் ஊமத்தை. எருவில் வரும், காலி மனையிலிருந்து வரும். நீண்ட வித்திலை, கத்திரி மாதிரியே அகலும் இலை. கசக்கினால் ஒரு குமட்டல் நாற்றம். வேர் முதல் விதை வரை நஞ்சு. ஆகவே தானாக முளைத்த எதையும் இலை தெரிந்ததாகத் தோன்றுகிறதே என்று கீரைக் கடைசலில் சேர்க்காதீர்கள். பூத்து, காய்த்து, ஐயமில்லாமல் தெரிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம். இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே கிடையாது. தானாக முளைத்த சுரைக்கும் இதே கண்டிப்புதான்: காய் கசந்தால் துப்பிவிட்டுக் கொடியைப் பிடுங்குங்கள். கசக்கும் சுரைச்சாறு குடித்து இந்த நாட்டில் உயிர் போயிருக்கிறது.

8. பார்த்தீனியத்தை எந்த வயதிலும் அடையாளம் காணப் பழகுங்கள். 1950களின் நடுவில் புனேயில் கண்ணில் பட்டு நாடு முழுக்கப் பரவியது. கன்னடத்தில் காங்கிரஸ் ஹுல்லு என்பார்கள். இந்த ஊரில் ஒரு மனை காலியாகக் கிடந்தால் ஒரே பருவத்தில் பிடித்துவிடும். இளம்பருவத்தில் தரையோடு ஒட்டி வட்டமாகப் பரவும். சாம்பல் பூத்த பச்சையில் ஆழமாக வெட்டுண்ட இலைகள். ஆசைப்பட்டு வாங்கிய சாமந்தியோ, மரிக்கொழுந்தோ, கேரட்டோ என்று மயங்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். மரிக்கொழுந்தென்றால் வாசனை உடனே சொல்லும். செண்டுமல்லியின் இலைகள் எதிரெதிராக, தண்டு மேலே எழும்பியபடி வரும். காஸ்மாஸ் இலை நூல்நூலாகப் பிரியும். இவை எதுவும் தரையில் படுக்காது.

பூக்குமுன் வேரோடு எடுங்கள். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். உறை போட்டுக்கொள்ளுங்கள், வெறுங்கையில் பிடுங்கிப் பிடுங்கித் தோல் வெந்தவர்கள் உண்டு, மகரந்தம் மூச்சையும் விடாது. அதன் இலைகளில் கறுப்புக் கோடு போட்ட சின்ன வண்டு மேய்ந்துகொண்டிருந்தால் நசுக்காதீர்கள். இந்தக் களையைத் தின்பதற்கென்றே மெக்சிகோவிலிருந்து 1983ல் வரவழைத்து, 1984ல் இதே பெங்களூரில் வெளியே விட்ட வண்டு அது.

9. வண்டு என்றதும் சொல்ல வருவது: பூச்சிக்குத் தெரியும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி ஒரு கன்றைச் சுற்றிச் சுற்றி வந்து முட்டை வைக்கிறதென்றால் அது எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை, வில்வம் என்ற கூட்டத்துக்குள்தான். பறவை எச்சம்போலவே இருக்கும் அதன் புழு, வேறு செடியில் பிழைக்காது. புள்ளி வைத்த ஆரஞ்சு வண்டு இலையைச் சல்லடையாக்கினால் கத்திரிக் கூட்டம். எருக்கம்புழுவைப் பார்த்தால் சொல்லவே வேண்டாம்.

10. இரவு ஒன்பது மணிக்கு ஒரு டார்ச்சோடு போய்ப் பாருங்கள். புளி, தூங்குமூஞ்சி மரம், தொட்டாற்சுருங்கி வகையெல்லாம் இலையை மூடியிருக்கும். ஜகரண்டா பகலில் அவற்றைப் போலவே இருந்தாலும் அப்படி மூடாது.

11. சாட்சித் தொட்டி ஒன்று வையுங்கள். ஒரு பழைய தட்டில், அஞ்சறைப்பெட்டியிலும் மளிகை டப்பாவிலும் இருக்கும் கடுகு, வெந்தயம், மல்லி, துவரை, பாசிப்பயறு, தக்காளி விதை, காய்ந்த மிளகாய் விதை ஆகியவற்றை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றும் எங்கே என்று எழுதி வையுங்கள். பத்துப் பதினைந்து நாளில் உங்கள் வீட்டுக்கென்று ஒரு முளை அகராதி நின்றுவிடும். எந்தப் புத்தகமும் இதற்கு ஈடாகாது. முழுப் பருப்பாக இருக்க வேண்டும். உடைத்த பருப்பைப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று சொல்லாதீர்கள்.

12. கைப்பேசி சொல்வதை ஒரு சந்தேகப் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். பிளாண்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட், கூகுள் லென்ஸ் எல்லாம் வளர்ந்த இலையிலும் பூவிலும் கெட்டி. முளையைக் காட்டினால் தடுமாறும். மூன்று நாள் இடைவெளியில் மூன்று படம் எடுத்து, மூன்று தரமும் ஒரே குடும்பத்தைச் சொல்கிறதா என்று பாருங்கள். சொன்னால் அந்தக் குடும்பத்தை நம்பலாம், பெயரை அல்ல. படத்தில் தண்டும் தெரிய வேண்டும், பக்கத்தில் ஒரு நாணயமும் இருக்க வேண்டும்.

13. செடி தெரியும், ரகம் தெரியாது. இதை மனதில் போட்டுக்கொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். சந்தையில் வாங்கும் தக்காளியில் பெரும்பகுதி கலப்பின ரகம். ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா ரக்‌ஷக் அப்படி ஒரு கலப்பினம்தான். அதன் விதையில் வருவது தாயைப் போலவே இருக்காது. பப்பாளிக் கன்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்பவரை நம்பாதீர்கள். பூ வந்தபிறகுதான் தெரியும்.

மாங்கன்றில் மட்டும் ஒரு சுவாரசியம். பாதாமி, மல்கோவா, பெங்களூரா போன்றவற்றில் ஒரு கொட்டைக்கு ஒரு கன்று. அது கலப்பு, தாயின் ருசிக்கு உத்தரவாதம் இல்லை. ஒரே கொட்டையிலிருந்து மூன்று நான்கு தண்டுகள் தனித்தனி வேரோடு கிளம்பினால் அது மேற்குக் கடற்கரைப் பக்கத்து ஓலூர், சந்திரக்காரன் போன்ற வகை. அவற்றில் பெரும்பாலானவை தாயின் நகல். பிரித்து நடலாம்.

14. சந்தனம். பெங்களூரில் மட்டுமே எழுத வேண்டிய ஓர் எண் இது. குயிலும் கொண்டைக்குருவியும் பழத்தைத் தின்று வேலியோரம் போட்டுவிட்டுப் போகும். எதிரெதிராக இலைகள், வழவழப்பு, ஓரம் வெட்டில்லை. பார்க்க எந்தச் சிறப்பும் இராது, களை என்று பிடுங்குபவர்கள்தான் அதிகம். அது தனியாக வாழாது. பக்கத்துச் செடியின் வேரைத் தன் வேரால் கவ்விப் பாதிச் சாப்பாட்டை அங்கிருந்து எடுக்கும். அதனால்தான் நாற்றங்காலில் அதன் பையிலேயே துவரையோ பொன்னாங்கண்ணியோ சேர்த்து வளர்ப்பார்கள். ஒரு கன்றைப் பெயர்த்துத் தனித் தொட்டியில் வைத்தால் சில வாரத்தில் வாடி நிற்பதற்குக் காரணம் அதுவே. பக்கத்துச் செடியோடு சேர்த்து, பெரிய மண்கட்டியாக எடுங்கள். வீட்டில் சந்தனம் இருந்தால் போலீஸ் வரும் என்ற பழைய பயம் வேண்டாம். கர்நாடகத்தில் 2001ல் சட்டம் திருத்தப்பட்டு, நிலத்துக்காரருக்கே மரம் சொந்தமாகிவிட்டது. வெட்டுவதற்கு மட்டும் அனுமதி கேட்க வேண்டும். மல்லேஸ்வரத்தில் மர அறிவியல் நிறுவனம் இருக்கிறது. சந்தனத்தில் அவர்களுக்குத் தெரியாதது குறைவு.

15. மரக்கன்றுகளைப் படிக்க லால்பாகுக்குப் போங்கள். 1760ல் ஹைதர் அலி தொடங்கிய தோட்டம் என்பதும் மலர்க் கண்காட்சியும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்வது ஜூலை மாதத்து ஈரக் காலையை. பெயர்ப்பலகை மாட்டிய மரத்தின் கீழே குனிந்து பாருங்கள். அதன் குஞ்சுகள் பல வயதில் நிற்கும். மேலே பெயர், கீழே முளை. அடுத்த மரத்தின் விதையும் காற்றில் வந்திருக்கும் என்பதால், ஒரே சாயலில் பத்துப் பதினைந்து நிற்பதை மட்டும் கணக்கில் எடுங்கள். படம் எடுக்கலாம், பிடுங்கக் கூடாது.

16. எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே சாயலில் பத்து இருந்தால் மூன்றை விட்டுவிட்டு மிச்சத்தை எடுங்கள். எடுத்ததைத் தூர எறியுமுன் வேரைக் கழுவிப் பாருங்கள். முடிச்சுமுடிச்சாக இருந்தால் பயறு வகை. முள்ளங்கி வேர் நாற்றத்திலேயே தெரியும்.

17. பெயர்க்குச்சி எழுதுவதானால் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் மை அழியாது என்று டப்பாவில் போட்டிருப்பான். மாடி வெயிலில் இரண்டு மாதம் தாங்காது. இன்னொரு குச்சியை அதே பெயரோடு மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள், காக்கை பிடுங்கிப் போட்டாலும் உள்ளே ஒன்று இருக்கும். பெயரோடு தேதி, விதை வந்த இடம்.

18. இத்தனைக்கும் பிறகு தெரியாமல் நிற்பதைத் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள். லால்பாகை ஒட்டிய சித்தாபுரத்து நர்சரிகளில் தலைமுறை தலைமுறையாக நாற்றுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பெங்களூர்த் தோட்டங்களை உண்டாக்கியதில் திகளர் என்ற தோட்டக்காரச் சமூகத்தின் கை பெரிது. அந்தக் கைகளில் தமிழும் கன்னடமும் கலந்து ஓடும், மொழிக் கவலை வேண்டாம். பயிர் என்றால் ஜி.கே.வி.கே. வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போனால் யாராலும் சொல்ல முடியாது. ஒரு முழுச் செடியை வேரோடும் ஒட்டிய மண்ணோடும் எடுத்து ஈரத்துணியில் சுற்றி, எங்கே, எப்போது முளைத்தது என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள். அதே செடியில் இன்னொன்றைத் தொட்டியில் விட்டுவைத்துவிட்டுக் கிளம்புங்கள். நர்சரிக்காரர்களிடம் காலையிலேயே போய்விடுங்கள். பத்து மணிக்குமேல் அவர்களுக்கு வியாபாரம். போனால் ஒரு தொட்டியாவது வாங்கிக்கொண்டு வாருங்கள்.